மலைக்கு முன்னால் ஒரு பள்ளம்

1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலைக்கு அருகே வில்லியம் லாம்டன் சங்கிலி பிடித்துத் தொடங்கிய நில அளவை, நாற்பது ஆண்டுகளில் இமயத்தின் அடிவாரம்வரை போனது. அங்கே ஒரு கணக்கு இடித்தது. மத்திய இந்தியாவில் கலியான்பூர், வடக்கே முசாபர்நகர் பக்கம் கலியானா என்று இரண்டு நிலையங்கள். இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை முக்கோணங்கள் வழியே கணித்தால் ஒரு விடை வந்தது. விண்மீன்களைப் பார்த்து அட்சரேகை கண்டு கணித்தால் வேறொரு விடை வந்தது. வித்தியாசம் 5.236 விகலை, தரையில் ஏறக்குறைய 160 மீட்டர். லாம்டனுக்குப் பின் ஜார்ஜ் எவரெஸ்ட் நடத்திய அளவையில் இது சிறு பிழை என்று தள்ளிவிடக்கூடியதல்ல.

கல்கத்தாவில் இருந்த பாதிரியார் ஜான் பிராட் கணிதத்தில் தேர்ந்தவர். இமயத்தின் நிறை, செங்குத்தைக் காட்டும் தூக்குக்குண்டைத் தன் பக்கம் இழுப்பதால்தான் விண்மீன் கணக்கு பிசகுகிறது என்றார். மலையின் நிறையைத் தோராயமாகப் போட்டுப் பார்த்தபோது, பிசகு 15.885 விகலை இருந்திருக்க வேண்டும் என்று வந்தது. ஆனால் அளவையில் தெரிந்தது அதில் மூன்றில் ஒரு பங்குதான். கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு மலைக்குக் கனம் இல்லை. 1855-ல் இங்கிலாந்தின் அரச வானியலாளர் ஜார்ஜ் ஏரி நாலே பக்கத்தில் பதில் எழுதினார்: மலைக்கு அடியில், கனம் குறைந்த பாறையால் ஆன வேர் ஒன்று ஆழத்தில் இறங்கியிருக்கிறது, மேலே கூடிய நிறையை அது கீழே ஈடுகட்டுகிறது.

அந்த விவாதத்தில் கங்கைச் சமவெளி வெறும் தரைதான். அதையே ஒரு புதிராகப் பார்க்கத் தொடங்கியது அடுத்த தலைமுறை. ஆஸ்திரிய நிலவியலாளர் எடுவார்ட் சூஸ், மலை எழும்போதே அதற்கு முன்னால் உண்டாகும் பள்ளம் இது என்றார். இந்திய நில அளவைத் துறையின் தலைவராயிருந்த சிட்னி பர்ராட் ஒப்பவில்லை. மேலோடு பிளந்து விலகிய ஆழமான வெடிப்பில் மண் நிரம்பியிருக்கிறது என்பது அவர் கட்சி. 1917-ல் ஆர்.டி. ஓல்டாம் ஈர்ப்பு அளவீடுகளையும் தூக்குக்குண்டு விலகல்களையும் ஒன்றாக வைத்து ஆராய்ந்தார். வடக்கு விளிம்பில் வண்டலின் ஆழம் நாலைந்து கிலோமீட்டர் இருக்கலாம், தெற்கே போகப் போக அது குறைந்து ஒன்றுமில்லாமல் போகிறது என்று முடிவு கட்டினார். பிற்காலத்தில் எண்ணெய் தேடியவர்கள் செயற்கை அதிர்வலைகளாலும் துளைகளாலும் கண்டதும் ஏறக்குறைய அதுவே. பூமிக்கு உட்கரு உண்டு என்று நிலநடுக்க அலைகளைக் கொண்டு காட்டிய ஓல்டாமும் இவர்தான்.

பள்ளம் ஏன் இப்படி ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கிறது என்பதற்கு இன்றைக்குள்ள விளக்கத்தில் பெரிய தகராறு இல்லை. இந்தியத் தட்டு இமயத்துக்கு அடியில் நுழைகிறது. மலையின் பாரம் அதன் முனையை அழுத்துகிறது. குளத்தில் மிதக்கும் நீண்ட பலகையின் ஒரு முனையில் ஆள் ஏறினால் அந்த முனை அமிழும், சற்றுத் தள்ளிப் பலகை லேசாக மேலே எழும்பும். கங்கைச் சமவெளி அந்த அமிழ்ந்த பகுதி. எழும்பிய பகுதி மத்திய இந்தியாவில் இருக்கிறது. அந்த மேடு 450 மீட்டர் அளவுக்கு உயர்ந்திருப்பதாகவும், தீபகற்பத்தின் நடுவே வரும் சில நிலநடுக்கங்களுக்கு இந்த வளைவே காரணம் என்றும் ராஜர் பில்ஹாமும் கூட்டாளிகளும் 2003-ல் வாதிட்டார்கள். வளைவின் கணக்கை ஈர்ப்பு அளவுகளோடு பொருத்திக் காட்டியவர்கள் எலன் லியோன்-கேன், பீட்டர் மோல்னார் இருவரும். 1983-லும் 1985-லும் வந்த அவர்களுடைய கட்டுரைகள் இந்தத் துறையில் இன்னும் அடித்தளம்.

மண் நிரம்பிய இந்தப் படுகையின் குறுக்கே தெற்கிலிருந்து வடக்கே நடந்தால் கதை தெளிவாகும். வாரணாசிக்குச் சற்று மேற்கே சுனாரில் விந்தியத்தின் பழைய மணற்கல் கங்கைக் கரையிலேயே தலைநீட்டுகிறது. அசோகர் தூண்களுக்குக் கல் கொடுத்த இடம் அது. அங்கிருந்து வடக்கே போகப் போக அதே வகைப் பாறை மண்ணுக்கடியில் இறங்கிக்கொண்டே போகிறது. மலையடிவாரத்தில் அதை எட்ட ஐந்தாறு கிலோமீட்டர் தோண்ட வேண்டும். மேலே நிற்பவருக்கு இதெல்லாம் தெரியாது. ஹரித்வார் கடல்மட்டத்திலிருந்து 310 மீட்டர் சொச்சம், பாட்னா 53 மீட்டர். நடுவில் ஆற்றின் வழி ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். இத்தனை தட்டையான நிலத்தின் அடித்தளம் கரடுமுரடானது. டெல்லி–ஹரித்வார், பைசாபாத், முங்கேர்–சஹர்சா என்று மூன்று பழைய பாறை மேடுகள் தீபகற்பத்திலிருந்து வடகிழக்காக ஓடி வண்டலுக்குள் புதைந்திருக்கின்றன. அவற்றுக்கிடையில் சாரதா, கண்டக் என்ற ஆழ்குழிகள்.

மலை தன் வரலாற்றைத் தானே அழித்துக்கொள்கிறது. உயர உயர அரிக்கப்படுகிறது. பத்து, இருபது கிலோமீட்டர் பாறை உரிந்துபோன இடங்கள் உண்டு. உரிந்தது சேர்ந்த இடம் படுகை. ஆகவே இமயம் எப்போது, எப்படி எழுந்தது என்று கேட்பவர் எல்லோரும் கடைசியில் படுகைக்குத்தான் வருகிறார்கள். இந்த மண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதே இங்கே கேள்வி. நூறாண்டு வாதங்களைப் பார்த்தால், தனித்தனிக் கனிம மணிகள் சொல்வதை நம்பலாம், மணலும் கூழாங்கல்லும் அடுக்கி நிற்கும் முறையை மட்டும் வைத்து மலையின் எழுச்சியைத் தேதி போட்டால் ஏமாறுவோம் என்றே எனக்குப் படுகிறது.

இந்த மண்ணின் பழைய ஏடுகள் சிம்லா மலைகளில் கிடைக்கின்றன. சபாத்து, டக்ஷாய், கசௌலி என்று சில மணி நேரத்தில் சுற்றிவிடக்கூடிய மூன்று ராணுவக் குடியிருப்பு ஊர்கள். மூன்றின் பெயரையும் மூன்று பாறைத் தொகுதிகள் சுமக்கின்றன. கால்காவிலிருந்து சிம்லா போகும் சிறு ரயிலின் தண்டவாளம் இந்தப் பாறைகளை வெட்டித்தான் ஏறுகிறது. அடியில் உள்ள சபாத்துத் தொகுதி கடலில் படிந்தது. பச்சையும் சாம்பலுமான களிக்கல்லில் நம்முலைட் என்ற ஒற்றைச்செல் உயிரிகளின் காசு வடிவ ஓடுகள் குவிந்திருக்கின்றன. இந்தியாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவே இருந்த டெதிஸ் கடலின் கடைசிக் கரை அது. அதற்கு மேலுள்ள டக்ஷாய் செந்நிறக் களிக்கல். கடல் போய்விட்டது, ஆறு வந்துவிட்டது. அதற்கும் மேலே கசௌலி, சாம்பல் நிற மணற்கல். பெரிய ஆறுகளின் காலம் அங்கே தொடங்குகிறது.

அந்தக் கடைசிக் கடற்கரை திமிங்கிலங்களின் பிறந்த வீடும்கூட. ஓ.என்.ஜி.சி. நிலவியலாளர் ஏ. ரங்கா ராவ் ஜம்மு பகுதியின் காலாகோட்டில் சேகரித்த பாறைகளிலிருந்து 1971-ல் இண்டோஹையஸ் என்ற சிறு குளம்புள்ள விலங்குக்குப் பெயர் சூட்டினார். அவர் மறைந்த பின் சேகரத்தின் பெரும்பகுதி உடைக்கப்படாமலே கிடந்தது. அவர் மனைவி அதை அமெரிக்க ஆய்வாளர் ஹான்ஸ் தெவிசனிடம் ஒப்படைத்தார். பாறையைச் சுத்தம் செய்யும்போது ஒரு மண்டையோட்டில் காதெலும்பு உடைந்தது. உடைந்த முகத்தில் திமிங்கிலங்களுக்கே உரிய தடித்த ஓரம் தெரிந்தது. பூனை அளவே இருந்த, மானைப் போன்ற ஒரு விலங்கு திமிங்கிலத்தின் நெருங்கிய உறவு என்று 2007-ல் அறிவித்தார்கள். சபாத்துத் தொகுதியிலிருந்து 1998-ல் விவரிக்கப்பட்ட ஹிமாலயசீட்டஸ் மிகப் பழைய திமிங்கிலம் என்பார்கள். அதன் வயது பற்றிச் சர்ச்சை தீரவில்லை.

சபாத்துக்கும் டக்ஷாய்க்கும் இடையில் என்ன நடந்தது என்பதில்தான் முதல் பெரிய தகராறு. கடல் விலகியது ஏறக்குறைய நாலு கோடி ஆண்டுகளுக்கு முன். டக்ஷாயின் மணிகளை ஆராய்ந்த யானி நஜ்மன் குழுவோ, அந்தப் படிவு மூன்று கோடி ஆண்டுக்கும் இளையது என்கிறது. நடுவே ஒரு கோடி ஆண்டுக்குக் குறையாத வெற்றிடம். மலை உயர்ந்துகொண்டிருந்தால் அதன் முன்னிருந்த பள்ளத்தில் அத்தனை காலம் ஏன் மண் சேரவில்லை? தட்டு வளையும்போது எழும்பிய மேடு அப்போது அந்த இடத்தைக் கடந்துகொண்டிருந்தது என்பது ஒரு விளக்கம். அப்படி வெற்றிடமே கிடையாது, படிவு தொடர்ச்சியானது என்று எஸ்.பி. பாட்டியாவும் ஓ.என். பார்கவாவும் 2006-ல் மறுத்தார்கள். அவர்கள் கையில் இருந்தது புதைபடிவச் சான்று. மற்றவர் கையில் இருந்தது மணிகளின் வயது. ஒரு படிவு அதிலுள்ள மிக இளைய மணியைவிட மூத்ததாக இருக்க முடியாது என்ற எளிய தர்க்கத்துக்கு நல்ல பதில் வரவில்லை என்பதால் என் ஓட்டு நஜ்மன் பக்கம்.

அந்த மணியின் கதையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். கசௌலி மணற்கல்லை வெயிலில் திருப்பினால் மினுக்கும் செதில்கள் மைக்கா, நம்மூரில் காக்காப்பொன் என்போமே அதுதான். மைக்காவில் பொட்டாசியம் உண்டு. அதன் ஒரு சிறு பங்கு கதிரியக்கத்தால் மெல்ல ஆர்கான் வாயுவாக மாறும். பாறை ஆழத்தில் சூடாக இருக்கும்வரை அந்த வாயு தப்பிவிடும். வெப்பம் 400 டிகிரி அளவுக்குக் கீழே இறங்கியதும் வாயு படிகத்துக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். அன்று முதல் கடிகாரம் ஓடும். கசௌலியின் இளைய மைக்காக்கள் காட்டும் வயது 2.2 கோடி ஆண்டு. படிவின் வயதும் அதற்கு வெகு தொலைவில் இல்லை. அதாவது ஆழத்தில் பழுத்துக் கிடந்த பாறை, நிலவியல் கணக்கில் கண்மூடித் திறப்பதற்குள் மேலே வந்து, உடைந்து, ஆற்றில் உருண்டு, படுகையில் படிந்துவிட்டது. மலை அப்போது வேகமாக உரிந்துகொண்டிருந்தது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டியதில்லை.

இவற்றுக்கு மேல் வருவது சிவாலிக். ஏறக்குறைய 1.8 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிச் சில லட்சம் ஆண்டுகளுக்கு முன்வரை ஆறுகள் குவித்த ஐந்தாறு கிலோமீட்டர் தடிமன் கொண்ட மணலும் களியும் கூழாங்கல்லும். 1830-களில் சஹாரன்பூர் தாவரத் தோட்டத்தின் கண்காணிப்பாளர் ஹியூ பால்கனரும் கால்வாய்ப் பொறியாளர் புரோபி காட்லியும் சிவாலிக் குன்றுகளில் எலும்பு பொறுக்கத் தொடங்கினார்கள். கிளைத்த கொம்புள்ள, ஒட்டகச்சிவிங்கியின் உறவான சிவதீரியம், ராட்சத ஆமை, பல வகை யானைகள் என்று வெளிவந்த பட்டியல் ஐரோப்பாவைத் திகைக்க வைத்தது. 1837-ல் லண்டன் நிலவியல் சங்கம் இருவருக்கும் சேர்த்து வொல்லஸ்டன் பதக்கம் கொடுத்தது. காட்லிதான் பின்னர் ஹரித்வாரிலிருந்து கங்கைக் கால்வாயை வெட்டியவர். 1932-ல் ஹரித்தல்யாங்கரில் ஜி.இ. லூயிஸ் கண்டெடுத்த தாடை ராமபிதெக்கஸ் என்று பெயர் பெற்றது. பல ஆண்டுகள் அது மனிதனின் மூதாதை என்று பாடப்புத்தகங்களில் உட்கார்ந்திருந்தது. 1982-ல் பாகிஸ்தானின் போட்வார் பீடபூமியிலிருந்து வந்த சிவபிதெக்கஸ் முகம் ஒராங்குட்டானை ஒத்திருந்ததும் ராமபிதெக்கஸ் என்ற பெயரே தேவையற்றதாகிவிட்டது.

ஆனால் சிவாலிக்கில் சர்ச்சைக்குரியது எலும்பு அல்ல, கல். கீழ் சிவாலிக்கில் களியும் நுண்மணலும் மிகுதி. நடுவில் தடித்த மணற்கல். உச்சியில் பாறாங்கல் குவியல். கீழிருந்து மேலே போகப் போகக் கல் பெரிதாகிறது. பெரிய கல்லை உருட்ட வேகமான ஆறு வேண்டும், வேகமான ஆற்றுக்குச் செங்குத்தான மலை வேண்டும். ஆகவே கடைசி இருபது, முப்பது லட்சம் ஆண்டுகளில் இமயம் திடீரென உயர்ந்தது என்று வெகுகாலம் படித்தார்கள். இன்றும் சில பாடநூல்களில் இது அப்படியே இருக்கிறது.

இந்த வாதத்தின் வேரை 1990-ல் மோல்னாரும் பிலிப் இங்கிலாந்தும் அசைத்தார்கள். அதே காலத்தில் உலகெங்கும் பல மலைகளின் அடியில் கல் பெருத்திருக்கிறது. எல்லா மலையும் ஒரே நேரத்தில் உயர்ந்தன என்பதைவிட, பனியுகங்கள் தொடங்கித் தட்பவெப்பம் முரடானதால் அரிப்பு கூடியது என்பதே நம்பத்தக்கது என்றார்கள். கோழியா முட்டையா என்று தலைப்பிலேயே கேட்டுவிட்ட கட்டுரை அது.

எனக்கு இன்னும் வலுவாகப் படுவது மூன்றாவதொரு விளக்கம். படுகையின் தரை சும்மா கிடப்பதில்லை, தட்டோடு சேர்ந்து மலையை நோக்கி நகர்கிறது. லியோன்-கேனும் மோல்னாரும் தெற்கு விளிம்பில் வண்டல் பரவிய வேகத்தை வைத்து ஆண்டுக்கு 10 முதல் 15 மி.மீ. என்று கணித்தார்கள்; இன்றைய செயற்கைக்கோள் அளவீடுகள் இமயத்தின் குறுக்கே 20 மி.மீ. அளவைக் காட்டுகின்றன. 20 என்றே வைத்தால் பத்து லட்சம் ஆண்டில் 20 கி.மீ. முதலில் மலைக்கு வெகு தொலைவில் இருந்த ஒரு புள்ளியில் களி படியும். அது நெருங்க நெருங்க மணல் படியும். அடிவாரத்தை அடையும்போது கூழாங்கல் வந்து விழும். மலை ஒரு அடிகூட உயராமல், மழை ஒரு சொட்டுகூடக் கூடாமல், அதே இடத்தில் கல் கீழிருந்து மேலே பெருத்துக்கொண்டே போகும்.

இதை நேபாளத்தின் ஆறுகளில் மத்தியே துபில், ஜெரோம் லாவே இருவரும் சரிபார்த்து 2015-ல் எழுதினார்கள். இன்றைய ஆறுகளில் மலை வாயிலிலிருந்து பத்து, இருபது கிலோமீட்டர் தூரத்தில் கூழாங்கல் சட்டென்று நின்றுவிடுகிறது. அதற்கப்பால் மணல்தான். மாற்றம் படிப்படியாக அல்ல, ஒரு கோடு போட்டதுபோல் நிகழ்கிறது. அந்தக் கோடு படுகையின் ஒரு இடத்தைக் கடந்தால் பாறை அடுக்கிலும் திடீர் மாற்றமாகவே பதிவாகும். இந்தக் கூழாங்கல் பட்டைதான் வட இந்தியர் பாபர் என்று சொல்லும் நிலம். மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் அங்கே கல்லுக்குள் மறைந்து, தெற்கே சதுப்பான தராய் நிலத்தில் ஊற்றாகத் திரும்ப வருகின்றன. மேல் சிவாலிக்கின் பாறாங்கல் படிவு என்பது பழைய பாபர், அவ்வளவுதான். கல் எப்போது வந்தது என்று கேட்பதற்கு முன், அந்த இடம் அப்போது எங்கே இருந்தது என்று கேட்டாக வேண்டும்.

டக்ளஸ் பர்பங்க் 1992-ல் எடுத்த பாதை வேறு. கல்லின் அளவை விட்டுவிட்டு, பெரிய ஆறு எங்கே ஓடுகிறது என்று பார்த்தார். கங்கை இன்று மலையடியில் இல்லை; வடக்கிலிருந்து வரும் ஆறுகளின் மணல் விசிறிகள் அதைத் தெற்கே விந்தியத்தின் ஓரம்வரை தள்ளிவிட்டன. மலை தன் பாரத்தைக் கூட்டிப் படுகையை அழுத்திக்கொண்டிருந்தால் பள்ளம் ஆழமாகி, பெரிய ஆறு மலையை ஒட்டியே ஓடியிருக்கும். முன்பு அப்படி ஓடியது என்பதற்குத் தடயமும் உண்டு. ஆகவே அண்மைக் காலத்தில் மலை எழுவது பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதால் மட்டும் அல்ல, அரிப்பு பாரத்தைக் குறைக்க எஞ்சியது மிதந்தெழுவதாலும்தான் என்றார். முழுமையான நிரூபணம் என்று இதைச் சொல்ல மாட்டேன். ஆனால் படுகையை அதன் வடிவத்தைக் கொண்டு வாசித்த விதம் கூழாங்கல் வாதத்தைவிட எவ்வளவோ கூர்மையானது.

பருவமழையின் பிறப்பையும் இந்த மண்ணில் தேடினார்கள். சிவாலிக்கின் பழைய மண்ணடுக்குகளில் சுக்கான்கல் உருண்டைகள் உண்டு. அவற்றின் கார்பன் ஐசோடோப்புகள், அந்த மண்ணில் வளர்ந்தது மரமும் புதருமா வெப்பப் புல்வகையா என்று சொல்லும். ஜே குவேட் குழு போட்வாரில் 1989-ல் கண்டது: 70 லட்சம் ஆண்டுகளுக்குச் சற்று முன் காடு புல்வெளியாக மாறியது. பருவமழை வலுத்ததன் அடையாளம் என்றார்கள். சில ஆண்டுகளில் அதே மாற்றம் ஆப்பிரிக்காவிலும் அமெரிக்காவிலும் தெரியவந்தது. உலகம் முழுவதும் புல் பரவினால் அதற்கு இமயத்தின் மழை காரணமாக இருக்க முடியாது. காற்றில் கரியமில வாயு குறைந்ததும், மழை பெய்யும் மாதங்கள் சுருங்கியதும் இப்போது முன்னிறுத்தப்படுகின்றன. அளவீடு அப்படியே நிற்கிறது, அதன் பொருள்தான் மாறிப்போனது.

இன்னொரு சிக்கலும் உண்டு. மலையிலிருந்து வந்ததெல்லாம் படுகையில் தங்கவில்லை. கங்கையும் பிரம்மபுத்திராவும் சேர்ந்து ஆண்டுக்கு 100 கோடி டன் அளவுக்கு மண்ணைச் சுமக்கின்றன. அதில் பெரும்பங்கு வங்கக் கடலில் இறங்கிக் கடலடியில் 3000 கிலோமீட்டர் நீளமுள்ள விசிறியாகப் பரவியிருக்கிறது. இமயத்தின் மண் தமிழ்நாட்டையும் இலங்கையையும் கடலுக்கடியில் தாண்டி, நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே போய்க் கிடக்கிறது. 1987-ல் இலங்கைக்கு வெகு தெற்கே துளையிட்டார்கள். 2015-ல் ஏறக்குறையக் கன்னியாகுமரியின் அட்சரேகையில், இலங்கைக்குக் கிழக்கே ஏழு இடங்களில் துளையிட்டார்கள். அங்கே விசிறியின் மண் ஒலிகோசீன் காலத்தின் பிற்பகுதிவரை பின்னோக்கிப் போகிறது. படுகையில் வெற்றிடம் தெரிகிற காலங்களுக்கு இந்தக் கடலடி மண் துணைச் சாட்சி. இனி இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்காத ஆய்வு அரைகுறையாகவே இருக்கும்.

எண்ணெய் பற்றி ஒரு பத்தி போதும். படுகையின் இரு கோடிகளில் அது கிடைத்தது. கிழக்கே டிக்பாயில் 1889-ல், மேற்கே போட்வாரின் கௌரில் 1915-ல். நடுப்பகுதி கைவிரித்துவிட்டது. காங்ராவின் ஜ்வாலாமுகி கோயிலில் பாறை இடுக்கில் எரியும் சுடர் நிலவாயுதான். அதை நம்பி ஓ.என்.ஜி.சி. 1957-ல் தன் முதல் கிணற்றையே அந்த ஊர்ப் பக்கம் தோண்டியது. வாயு தலைகாட்டியது, வணிகத்துக்குப் போதவில்லை. ஆனால் தேடலில் சேர்ந்த அதிர்வலைப் படங்களும் துளைக் குறிப்புகளும் இல்லாவிட்டால் மேலே சொன்ன ஆழங்கள் பாதி ஊகமாகவே இருந்திருக்கும்.

இதையெல்லாம் முடிந்துபோன வரலாறாக எண்ணிவிடக் கூடாது. மலையின் முகப்பு தெற்கு நோக்கி நகர்ந்து, தான் நிரப்பிய படுகையையே மடித்துத் தூக்குகிறது. சிவாலிக் குன்றுகள் அப்படி எழுந்தவைதான். டேராடூன் பள்ளத்தாக்கு, எழுந்த குன்றுக்கும் பழைய மலைக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட படுகைத் துண்டு. நேபாளத்தின் பாக்மதி ஆற்றின் உயர்ந்துபோன பழைய கரைகளை அளந்து, முகப்பில் ஆண்டுக்கு 21 மி.மீ. நெருக்கம் நடப்பதாக லாவேயும் ழான்-பிலிப் அவூவாக்கும் 2000-ல் காட்டினார்கள். அது மெதுவாக நழுவி நடப்பதில்லை. நூற்றாண்டுக் கணக்கில் இறுகிக் கிடந்து ஒரே நாளில் விடுபடுகிறது.

1934 ஜனவரி 15 அப்படி ஒரு நாள். பிகார்–நேபாள நிலநடுக்கத்தில் பத்தாயிரத்துக்கும் மேல் மாண்டார்கள். பூமி வழுக்கியது மலைக்கு அடியில். பிகார் சமவெளியில் 300 கிலோமீட்டர் நீளப் பட்டை ஒன்றில் நீர் நிறைந்த மணல் குழம்பாகி, வீடுகள் சாய்ந்தும் அமிழ்ந்தும் போயின. வயல்களில் மணலும் நீரும் ஊற்றாகப் பீய்ச்சின. இந்திய நிலவியல் ஆய்வுத் துறை 1939-ல் வெளியிட்ட அறிக்கை அந்தப் பட்டையை வரைபடத்தில் குறித்தது. மலை முகப்பில் தரை கிழிந்த தடம் கண்டறியப்பட்டதோ 2013-ல்தான். நடுக்கம் நிகழ்ந்தபோது காந்தி தமிழ்நாட்டுச் சுற்றுப்பயணத்தை நெருங்கிக்கொண்டிருந்தார். தீண்டாமைப் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை இது என்று திருநெல்வேலியில் பேசினார். இயற்கை நிகழ்வுக்கு இயற்கைக் காரணம்தான் இருக்க முடியும் என்று தாகூர் கண்டித்து எழுதினார். காந்தியின் கோபம் நியாயமானது. காரணத்தைச் சொன்னதில் தாகூர் பக்கம்தான் நிற்க வேண்டியிருக்கிறது.

நிலநடுக்கத்தைவிட அடிக்கடி வருவது கோசி. நேபாளத்திலிருந்து இறங்கும் இந்த ஆறு பிகாரில் 15,000 சதுர கி.மீ. அளவுக்கு விசிறி போட்டிருக்கிறது. சுமக்கும் மணலைத் தன் படுக்கையிலேயே போட்டு, படுக்கை மேடானதும் பக்கத்துத் தாழ்நிலத்துக்குப் பாய்வது அதன் வழக்கம். இருநூறு ஆண்டுகளில் நூறு கிலோமீட்டருக்கு மேல் மேற்கே நகர்ந்தது. அமிழும் படுகையை நிரப்பும் முறையே அதுதான். ஒரே இடத்தில் ஓடினால் விசிறியே உண்டாகாது. 1950-களில் இருபுறமும் கரை கட்டினார்கள், எல்லையில் கதவணை எழுந்தது. அதன்பின் மணல் இரு கரைகளுக்கு நடுவிலேயே சேர்ந்து, ஆற்றின் தரை வெளி ஊர்களைவிட உயர்ந்தது. 2008 ஆகஸ்ட் 18 அன்று நேபாளத்தின் குசஹாவில் கிழக்குக் கரை உடைந்தது. கோசி நூறு கிலோமீட்டருக்கும் மேல் கிழக்கே தள்ளிப் பழைய தடங்களைப் பிடித்துக்கொண்டது. பிகாரில் 30 லட்சம் பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். அன்றைக்கு வந்த நீர் விநாடிக்கு 1.44 லட்சம் கன அடிதான். கரை 9.5 லட்சம் கன அடிக்கு என்று கட்டப்பட்டது. வெள்ளம் பெரிதாக இல்லை, மணல்தான் பெரிதாக இருந்தது. உடைந்த கரையை மறுபடி கட்டி ஆற்றைப் பழைய இடத்துக்கே திருப்பினார்கள். நீரை மட்டும் கணக்கில் எடுத்து மணலை விட்டுவிடுகிற பொறியியல் இந்த மாதிரிப் படுகையில் செல்லாது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும் என்று தெரியவில்லை.

இனி நீர். உலகம் பூமிக்கடியிலிருந்து இறைக்கும் நீரில் கால் பங்கு சிந்து–கங்கைப் படுகையிலிருந்து வருகிறது. வடமேற்கு மாநிலங்களில் 2002 முதல் 2008 வரை 109 கன கி.மீ. நிலத்தடி நீர் தீர்ந்ததாக, கிரேஸ் செயற்கைக்கோள்கள் பதிவு செய்த ஈர்ப்பு மாற்றத்திலிருந்து மேத்யூ ரொடெல் குழு கணித்தது. கிழக்கே நீருக்குப் பஞ்சமில்லை, அதன் தரம்தான் பிரச்சினை. மேற்கு வங்கத்தில் 1983-ல் தோல் மருத்துவர் கே.சி. சாஹா நோயாளிகளின் உள்ளங்கைத் தடிப்பில் ஆர்சனிக்கை அடையாளம் கண்டார். பிறகு வங்கதேசம், பிகார் என்று எல்லை விரிந்தது. ஆர்சனிக் எந்த ஆலையிலிருந்தும் வந்ததல்ல. இமயத்தின் பாறையிலிருந்து மிக நுண்ணிய அளவில் வந்து, மணல்மணிகளின் மேல் படிந்த இரும்புத் துருவில் ஒட்டிக்கொண்டது. புதிய வண்டலில் மக்கும் செடிகொடிகள் ஆக்சிஜனைத் தீர்த்துவிட, துரு கரைகிறது. ஒட்டியிருந்த ஆர்சனிக் நீரில் இறங்குகிறது.

துரு கரைந்த மணல் சாம்பல் நிறமாக இருக்கும். கரையாத மணல் பழுப்பாக இருக்கும். பனியுகத்தில் கடல் தாழ்ந்திருந்தபோது நீர்மட்டமும் இறங்கி, நன்றாகத் துருவேறிய பழைய படிவு அது. அடிபம்பு போடும் ஆட்களே குழாயில் வரும் மணலின் நிறத்தைப் பார்த்து எந்த ஆழத்தில் நிறுத்துவது என்று முடிவு செய்யும் ஊர்கள் அங்கே உண்டு. ஆர்சனிக்கின் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். பழுப்பு மணலின் நீர் பெரும்பாலும் அதற்குள் அடங்கும். ஆழத்து நீரைக் குடிக்க மட்டும் எடுத்தால் பரவலான பகுதிகளில் ஆயிரம் ஆண்டுக்கும் மேல் தாங்கும், பாசன மோட்டார்களும் அதே ஆழத்துக்கு இறங்கினால் மேலடுக்கின் ஆர்சனிக் நீர் கீழே இழுபடும் என்று ஹாலி மைக்கேலும் கிளிஃபர்ட் வாஸும் 2008-ல் கணித்துக் காட்டினார்கள். எந்த ஆழத்து நீர் வீட்டுக்கு, எந்த ஆழத்து நீர் வயலுக்கு என்று பிரிக்கும் விதியை ஊருக்கு ஊர் அங்குள்ள மண்ணடுக்கைப் பார்த்துத்தான் எழுத முடியும். ஐம்பது கிலோமீட்டர் தள்ளி அதே ஆழத்தில் வேறோர் ஆறு போட்ட வேறு மணல் இருக்கும்.